பன்னிரண்டு மெமரியும் ஒரு சுட்டுவிரலும்

ஒரு விஷயத்தைக் காகிதத்தில் வரிசை போட்டு எழுதிவிட்டால், அது எழுதிய வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கும் என்று நம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. நான் அதில் முன்வரிசை. ஊருக்குப் போகப் பை கட்டினால் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலைப் பையில் வைத்தேனா என்று சரிபார்க்க இன்னொரு பட்டியல். (அம்மை இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு "படிச்ச பிள்ளைல்லா" என்று முடிப்பாள். பெருமையா நக்கலா என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது.)

அப்படிப்பட்ட என்னை ஒரே ஒரு பட்டியல் கைவிட்டது. அது கைவிட்ட அன்று காலை பதினொரு மணிக்கு நான் மார்த்தாண்டத்தில் ஒரு கடையின் தரையில், பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதுதான் கதை.

எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்த கையோடு, மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடைக்காரர் தாணு அண்ணன். அவரும் எங்களைப் போல சுசீந்திரம் பக்கம்தான். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரோடு வந்துவிட்டவர். அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. சேர்ந்த அன்றே அண்ணன் சொல்லிவிட்டார்: "பூஜை கழியட்டும் மக்கா. அதுவரைக்கும் ஒன் கை எப்பிடின்னு பாக்கேன். பொறவு நிரந்தரமா வைக்கணுமான்னு சொல்லுகேன்."

அவர் சொன்னது நவராத்திரி பூஜையை. அது வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் நான் ஒரு திருகாணிகூடத் தொலைக்கவில்லை. கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் காகிதத்தில் படம் வரைந்து அதன் மேலேயே ஒட்டி வைத்தேன். அண்ணன் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். எனக்குத் தலை மேகத்தில் மிதந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அஷ்டமி அன்று சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதி முன்னால் வைப்போம். அதற்குப் பூஜை வைப்பு என்று பெயர். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைப்போமே, அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இந்தச் சட்டம்தான்.

தாணு அண்ணன் இதில் இன்னொரு சட்டமும் சேர்த்திருந்தார். கடைக்குப் பழுதுபார்க்க வந்து நிற்கிற ஒவ்வொரு மெஷினும் பூஜையில் இருக்க வேண்டும். முந்தைய வருடம் எல்லாப் பெட்டிகளையும் மேஜை மேல் ஏற்றி, மேஜைக் கால் ஒடிந்து, சரஸ்வதி படம் சாய்ந்து, மைனி மூன்று நாள் அவரோடு பேசவில்லையாம்.

"இந்த வருசம் பன்னெண்டு நிக்கு. எங்ஙன வைக்க?" என்று அஷ்டமி அன்று மாலை தலையைச் சொறிந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அண்ணே, பெட்டியே எதுக்கு? ஒவ்வொண்ணுலயும் இருந்து மெமரியைக் கழத்தி வச்சிரலாமே? மூளை மாதிரி தானே. ஒரு தட்டுல அடங்கிரும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்துக் கத்தினார். "ஏட்டி, இஞ்ச வந்து பாரு! பிள்ளைக்க புத்தியப் பாத்தியா?"

மெமரி என்பது விரல் அகலமுள்ள ஒரு பலகைத் துண்டு. மேலே கறுப்பாகச் சில்லுகள். ஒரு விளிம்பில் தங்கநிறப் பற்கள். அந்தப் பற்களுக்கு நடுவே எங்கேயோ ஒரு வெட்டு. அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தால் அது என்ன வகை, எவ்வளவு பெரியது, எத்தனை வோல்ட்டில் ஓடும் என்ற சகலமும் தெரிந்துவிடும். கணினிக்குக் கணினி இது மாறும். மாற்றிப் போட்டால் ஓடாது. கல்லூரியில் இந்தத் தலைப்பில் கருத்தரங்கு நடத்திக் கைதட்டல் வாங்கியவள் நான்.

பன்னிரண்டையும் கழற்றினேன். வாழையிலை விரித்த பித்தளைத் தட்டில் இடமிருந்து வலமாக அடுக்கினேன். ஒன்று, வக்கீல் சார் கணினி. இரண்டு, ஸ்டுடியோக்காரர். இப்படியே போய்ப் பன்னிரண்டாவது, பெனிட்டா மடிக்கணினி. பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். எது எந்த வகை என்று எழுதவில்லை. வரிசை இருக்கும்போது வகை எதற்கு? ஸ்டிக்கர்தான் இருக்கிறதே?

பெனிட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர். நர்ஸ். ஒரு வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்கு விஜயதசமி அன்று காலை பதினொரு மணிக்கு அவளுக்குக் காணொளியில் நேர்காணல். எந்தக் கணினியில் பேசப்போகிறோம் என்று முன்கூட்டியே சோதனை செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதே கணினியில்தான் பேச வேண்டும் என்பது அவர்கள் விதி. ஒப்புதல் வாங்கிய மறுநாள் மடிக்கணினியின் காற்றாடி இரைந்து சூடாக, எங்களிடம் கொண்டுவந்தாள். நான் அதைச் சரிசெய்துவிட்டேன். அதுவரை தினமும் அவளுக்குப் பணி இருந்ததால் விஜயதசமி காலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே ஒருமுறை இந்த நேர்காணல் வரை வந்து, இணையம் அறுந்து, வாய்ப்பு போனவள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா இனி கூப்பிட மாட்டாவ," என்றாள். ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினைப் பூஜைக்காகத் திறந்தேனே, அந்தத் துணிச்சலை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு மைனி தட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அழகாக இருந்தது. ஒரு இதயமும் இரண்டு கும்பிடும் போட்டேன். (படத்தை உற்றுப் பார்த்தாயா என்று நீங்கள் கேட்கக்கூடாது. வீட்டில் ஏற்கெனவே நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.)

விஜயதசமி காலை ஏழரைக்குக் கடைக்குள் நுழைந்தேன். சாம்பிராணிப் புகை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பார்த்தேன்.

என் வரிசை இல்லை.

நீளமான மெமரிகள் சூரியக் கதிர்போலச் சுற்றிலும் விரிந்திருந்தன. குட்டையானவை நடுவில் பூவிதழ் மாதிரி. கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று நிறம் மாற்றி மாற்றி. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், அதன் நடுவே குங்குமம். நடுமத்தியில் ஒரு செம்பருத்தி.

"எப்பிடி இருக்கு?" என்றார் மைனி, கையைத் துடைத்துக்கொண்டே. "நீ வச்சது ரயில்வே தண்டவாளம் மாதிரி இருந்துச்சு. நான் மாத்தி வச்சேன்."

"கொள்ளாம் மைனி," என்றேன். என் குரல் எனக்கே அடுத்த வீட்டிலிருந்து கேட்டது. பரவாயில்லை, ஸ்டிக்கர் இருக்கிறது என்று கழுத்தை நீட்டினேன். ஒன்றில்கூட ஸ்டிக்கர் இல்லை.

"மைனி, அதுல பேப்பர் மாதிரி ஒட்டியிருந்துச்சே?"

"அந்த அழுக்கையா கேக்க? தேங்காண்ணெய் தொட்டுத் தேச்சா பசையோட வந்துரும் மக்கா. பன்னெண்டையும் உரிச்சுப் போட்டேன். நல்ல நாளும் அதுவுமா, சாமிக்கு முன்னால அழுக்கோட வைக்க முடியுமா?"

உரித்த காகிதங்கள் காலையில் வந்த குப்பை வண்டியோடு போய்விட்டிருந்தன.

நான் கையை நீட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது. "ஏய், ஏய்!" என்று அண்ணன் குரல் வந்தது. "எடுப்பு ஒம்பதே காலுக்கு. அதுக்கு முன்ன தொடப் பிடாது."

"தொடல்ல அண்ணே. பாக்கேன்."

"பாத்துக்கோ. பாக்கதுக்கு சாமி ஒண்ணும் சொல்லாது."

ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முட்டி மடக்கி, தலையை இடம் சாய்த்து, வலம் சாய்த்து. வாசலில் போனவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன பக்தி என்று நினைத்திருப்பார்கள். ஒரு தாத்தா எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மனதுக்குள் பட்டியல் போட்டேன். நீளமானவை ஏழு. நீளம் என்றால் மேஜைக் கணினி. பெனிட்டாவுடையது மடிக்கணினி. ஆகவே ஏழையும் மற. மிச்சம் குட்டை ஐந்து. இந்த ஒரு வாக்கியம் மனதில் ஓடியதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்தது வெட்டு. தலைமுறைக்குத் தலைமுறை வெட்டு இடம் மாறும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடே. ஓரத்தை ஒட்டி வெட்டு இருந்தால் மிகப் பழையது, டிடிஆர் இரண்டு. கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தால் மூன்று. ஏறக்குறைய நடுவில் என்றால் நான்கு. கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் வெட்டு, இரண்டு. ஓரத்தில், ஒன்று. மிச்சம் இரண்டில் வெட்டையே காணோம்! மெமரிக்கு வெட்டே இல்லாமல் இருக்குமா? என் படிப்பிலேயே சந்தேகம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, மைனி அந்தப் பள்ளத்தைச் சந்தனம் வைக்கச் செய்த இடம் என்று நினைத்து நிரப்பியிருக்கிறார்.

பெனிட்டாவின் மடிக்கணினி டிடிஆர் மூன்று. ஆகவே இந்த இரண்டில் ஒன்று. ஆனால் டிடிஆர் மூன்றில் ஒரு வம்பு உண்டு. சாதாரண வகைக்கு ஒன்றரை வோல்ட் வேண்டும். சிக்கன வகைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் அதே நீளம், அதே பல், அதே வெட்டு. வித்தியாசத்தைச் சொல்ல ஸ்டிக்கரில் ஒரே ஒரு எழுத்து இருக்கும். பெனிட்டாவுடையதில் சிக்கன வகை மட்டும்தான் ஓடும். அந்த ஒரு எழுத்து இப்போது மார்த்தாண்டத்துக் குப்பைக் கிடங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எட்டே முக்காலுக்குப் பெனிட்டா வந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, வழித்துப் பின்னிய தலை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பதில்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடவே அவள் அம்மை. மீன் விற்கிறவர், அன்று மகளுக்காகச் சந்தைக்குப் போகாமல் வந்திருந்தார்.

"ரெடியா மக்களே?" என்றார்.

"ரெடிதான். பூஜை எடுக்கணும், அவ்வளவுதான்," என்றேன். (என் வாழ்க்கையின் ஆகப் பெரிய 'அவ்வளவுதான்'.)

"பூஜைக்கும் இவளுக்க கம்ப்யூட்டருக்கும் என்ன?"

"அதுக்க மூளை தட்டுல இருக்கு," என்றார் அண்ணன் பெருமையாக. "நம்ம உமாவுக்க ஐடியா."

அம்மை என்னைப் பார்த்தார். ஐஸ் போட்ட பழைய மீனைப் பார்க்கிற பார்வை. "உயிரோட இருந்ததுக்க மூளையை எடுத்து வச்சிட்டா, ஐடியாவாம்," என்று பெனிட்டாவிடம் சொன்னார். என் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார்.

ஒன்பதே காலுக்குக் கற்பூரம் காட்டினார்கள். நான் தட்டின் மேல் பாயப்போனேன். "முதல்ல எழுதணும்," என்று அண்ணன் தடுத்தார். பூஜை எடுத்ததும் புது நோட்டில் எல்லோரும் முதல் எழுத்து எழுத வேண்டுமாம். அண்ணன் எழுதினார். மைனி எழுதினார். பெனிட்டாவையும் எழுதச் சொன்னார்கள். என் முறை வந்தபோது பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, கை தன் பாட்டுக்கு 'குட்டை ஐந்து' என்று எழுதிவிட்டது. அந்த நோட்டு இன்றும் கடையில் இருக்கிறது.

அந்த இரண்டு டிடிஆர் மூன்றையும் கையில் எடுத்தேன். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. எண்ணெய்ப் பிசுக்கு. ரப்பரால் பற்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். காய்ந்துபோன சந்தனம் வெட்டை விட்டு வரவில்லை. பெனிட்டாவின் அம்மை என் கையிலிருந்து பிடுங்கி, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, செவுளைக் கிளறுகிற வாக்கில் ஒரே சுழற்றில் எடுத்துவிட்டார்.

"இதுல எது இவளுக்கது?"

"ரெண்டும் ஒண்ணு போல இருக்கு, தெரியல்ல," என்றேன். முதல்முறையாக உண்மை.

"நெய்ச்சாளையும் பேச்சாளையும்கூட ஒண்ணு போலதான் இருக்கும். தெரியல்லன்னு சொன்னா கறி வைக்க முடியுமா? நீயெல்லாம் மீன் வாங்கப் போனா ஒனக்க தலையில என்னத்த வேணும்னாலும் கெட்டுவாவ."

"அம்மா, சும்மா இருங்க," என்றாள் பெனிட்டா. மணி பத்தாகப் பத்து நிமிடம்.

'பலகையின் நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள்.' கருத்தரங்கில் நான் சொன்ன முதல் வாக்கியம் இது. நான் கறுப்பை எடுத்தேன். ஏன் என்று கேட்டால், பெனிட்டாவின் மடிக்கணினி கறுப்பு.

பொருத்தினேன். பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, திரை மட்டும் இருட்டு. பத்து வரை எண்ணினேன். முப்பது வரை எண்ணினேன். அம்மை கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தார். "புனித அந்தோணியாரே, காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தாரும்." சரஸ்வதிக்கு முன்னால் நின்று அந்தோணியாரைக் கூப்பிடுகிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை. மைனியும் கூடவே கைகூப்பினார்.

"அப்ப மத்ததைப் போடு," என்றார் அண்ணன்.

மெமரியை எடுக்கும்போது இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை விலக்க வேண்டும். என் வேலைப் பட்டியலில் அது ஐந்தாவது வரி. அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். நான் ஒரு கொக்கியை விலக்கினேன். மறு கொக்கியை விலக்காமல் இழுத்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். நகம் வெட்டுகிற அளவுக்குத்தான். கொக்கி ஒடிந்து தரையில் விழுந்தது.

பச்சையைச் சொருகினேன். அது நிற்கவில்லை, ஒரு பக்கம் எம்பிக்கொண்டு வந்தது. திரை இருட்டு. இரண்டாவது இடம் இருக்கிறதா என்றால், அந்த மாதிரிக்கு ஒரே இடம்தான். டேப் ஒட்டினோம், எண்ணெய்ப் பலகையில் டேப் எங்கே ஒட்டும்? நல்ல நாள், மற்றக் கடைகள் எல்லாம் பூட்டு. பத்து பத்து ஆகிவிட்டது. பெனிட்டா கோட்டின் கைவிளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று அந்த எம்பிய பக்கத்தைச் சுட்டுவிரலால் அழுத்தி, இன்னொரு கையால் பொத்தானைப் போட்டேன்.

திரையில் வெளிச்சம் வந்தது.

பெனிட்டா 'ஹா' என்றாள். நான் சந்தோஷத்தில் கையை எடுத்தேன். திரை உறைந்து, அணைந்தது.

"விரலை எடுக்காத!" என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பிரச்சினை, மெமரி இருப்பது மடிக்கணினியின் அடிவயிற்றில். நேராக வைத்தால் விரல் கீழேயிருந்து போக வேண்டும். தாணு அண்ணன் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காரும் பலகையின் நடுவில் தூக்குவதற்கு ஒரு ஓட்டை இருக்குமே, அந்த ஸ்டூல். அதன் மேல் மடிக்கணினி. ஓட்டைக்கு நேராக மெமரி. முன்னால் பாயில் சம்மணம் போட்டு, கோட்டு போட்ட பெனிட்டா. ஸ்டூல் கால்களுக்கு நடுவே கையை மேலே நீட்டி, மல்லாந்து படுத்து, நான்.

இன்னொரு சிக்கல். நேர்காணலின்போது அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பதும் விதி. அண்ணனும் மைனியும் அம்மையும் வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். "மகளே, மூச்சுவிடுகது பைய விடு," என்று இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து அம்மை எனக்குச் சொன்னார்.

பதினொரு மணி. ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல், இரண்டும் ஆங்கிலத்தில். வணக்கம் சொன்னார்கள். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள்.

பெனிட்டா ஸ்டூலோடு சேர்த்து மெதுவாகத் திருப்பினாள். நான் கேமராவுக்கு முதுகுப் பக்கமாகவே இருக்கும்படி, விரலை எடுக்காமல், முழங்கையால் தரையைத் தள்ளி, செக்குமாடு போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். மாலை, வாழையிலை, சரஸ்வதி, திறந்து கிடக்கிற மற்றப் பதினொரு பெட்டிகள் எல்லாம் கேமராவில் வந்திருக்கும். என் கால் பெருவிரல் வந்ததா என்று இன்றும் தெரியாது.

கேள்விகள் தொடங்கின. பெனிட்டா நன்றாகப் பேசினாள். நான் விரலைத் தவிர வேறு எதுவும் இல்லாத பிறவியாகக் கிடந்தேன். முதல் ஐந்து நிமிடம் வலி. அடுத்த ஐந்து நிமிடம் எரிச்சல். அதற்கப்புறம் விரல் எனக்குச் சொந்தமில்லை. இது நழுவினால் ஒரு பெண்ணின் வேலை போய்விடும், என் வேலையும் போய்விடும் என்று நினைத்தபோது மூக்கில் சாம்பிராணி ஏறியது.

தும்மினேன். நாகர்கோவில் வரை கேட்டிருக்கும்.

மேலே பேச்சு நின்றது. "அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று அந்தப் பெண் குரல் கேட்டது.

இணையம் அறுந்ததாகச் சொல்லிவிடலாம்; நான் விரலை எடுத்தால் போதும், எல்லாம் அணைந்துவிடும் என்று என் புத்தி ஒரு விநாடி ஓடியது. (அந்தப் புத்தியைத்தான் அஷ்டமி அன்று அண்ணன் பாராட்டினார்.) பெனிட்டா மூச்சை இழுத்துவிட்டாள்.

"ஆமாம் மேடம்," என்றாள் ஆங்கிலத்தில். "என் கணினியின் மெமரி கழன்றுவிட்டது. அதை ஒரு பெண் கீழே படுத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் விட்டால் நான் அணைந்துவிடுவேன். எனக்கு அவள் எந்தப் பதிலும் சொல்லித் தரவில்லை. வேண்டுமானால் நீங்கள் பார்க்கலாம்."

அந்தப் பக்கம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, "பார்க்கலாமா?" என்றார்கள்.

நான் தலையை மட்டும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நீட்டினேன். எப்படி இருந்தேன் என்று பிறகு கண்ணாடியில் பார்த்தேன்: நெற்றி முழுக்க ரப்பர்த் தூள், கன்னத்தில் சந்தனம், மூக்கில் குங்குமம். இரண்டு வெளிநாட்டு மருத்துவமனை அதிகாரிகள் என்னைப் பார்த்தார்கள். "குட் மார்னிங்," என்றேன். அங்கே சாயங்காலமோ என்னவோ.

அந்த ஆள் கையால் வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பெனிட்டாவைப் பார்த்துக் கேட்டார்: "எங்கள் வார்டில், சரியான கருவி கைக்கு வராத ஒரு அவசரம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"ரத்தம் வருகிற இடத்தைக் கையால் அழுத்திப் பிடிப்பேன் மேடம். ஆள் வருகிற வரை விடமாட்டேன்," என்றாள் பெனிட்டா. ஒரு நொடி கழித்து, "இவளைப் போல," என்றாள்.

"அவளை விட்டுவிடாமல் பிடிக்கச் சொல்லுங்கள்," என்றார் அந்த அம்மாள். "இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது."

மூன்று கேள்வி என்றார்கள். பத்தாவது கேள்வி வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கடைசியாக நன்றி சொல்லிக் கும்பிட்டு, அந்தப் பக்கம் அழைப்பு முடிந்த அதே விநாடியில் என் விரல் தானாக விழுந்தது. திரையும் அணைந்தது. ஷட்டர் சடாரென்று மேலே போனது. அம்மை நேராக என்னிடம் வந்து, மடங்காமல் விறைத்து நின்ற என் விரலைப் பிடித்து நீவிவிட்டார். "சவத்தெழவு, ஐஸில வச்சது போல இருக்கு," என்றார். கண் கலங்கியிருந்தது. திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்றாவது வாரம் பெனிட்டாவுக்கு வேலை உறுதியாகிக் கடிதம் வந்தது. கொக்கியை அதற்குள் அண்ணன் வேறொரு பழைய பலகையிலிருந்து எடுத்து மாற்றியிருந்தார். மீதிப் பதினொன்றையும் நான் இரண்டு நாளில் அவரவர் கணினியில் பொருத்தினேன். எல்லாம் ஓடின. ஒரு வாரம் கழித்து வக்கீல் சார் வந்து, "இது இப்ப கொஞ்சம் பைய ஓடுதே?" என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய பெரிய மெமரி ஸ்டுடியோக்காரர் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. சில்லின் மேலேயே எழுத்து அச்சடித்திருக்குமே, அதை இணையத்தில் தேடியிருந்தால் சிக்கன வகை எது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்குமே என்பது பத்து நாள் கழித்து, தக்கலை தாண்டும்போது பேருந்தில் தோன்றியது. இறங்கி ஓடலாம் போலிருந்தது.

பூஜை கழிந்தும் அண்ணன் நிரந்தரம் பற்றி வாயே திறக்கவில்லை. நானே போய்க் கேட்டேன். "கை எப்பிடின்னு பாக்கேன்னு சொன்னேன்லா?" என்றார். "கையைப் பாத்தாச்சு. தலையைத்தான் இனி பாக்கணும்." அது நான்கு வருடத்துக்கு முன்னால். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது அஷ்டமி அன்று எங்கள் கடையில் எதையும் கழற்றுவதில்லை. கருவிகளை அடுக்கி முடித்ததும் மைனி என்னைக் கூப்பிடுவார். பெனிட்டா அங்கிருந்து காணொளியில் வந்துவிடுவாள். குளச்சலிலிருந்து அவள் அம்மையும் இன்னொரு கட்டத்தில் வருவார். "எங்க, அந்தச் சாமானத்தைக் காட்டு," என்பார். நான் வலது கைச் சுட்டுவிரலை நீட்ட வேண்டும். மைனி அதில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்வார்.

பூஜையில் வைத்த சாமானை எடுப்பு வரை பயன்படுத்தக்கூடாது என்பது சட்டம். அதனால் அஷ்டமி மாலையிலிருந்து விஜயதசமி காலை வரை வீட்டில் நான் பாத்திரம் கழுவுவதில்லை, காய் நறுக்குவதில்லை. விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

என் அம்மை முதல் வருடம் பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது வருடம் என் பட்டியல் நோட்டை எடுத்து, என் எழுத்துக்குக் கீழேயே எழுதி வைத்தாள்: 'விரல் பத்து. பூஜையில் ஒன்று. மிச்சம் ஒன்பது. பாத்திரம் தொட்டியில் கிடக்கிறது.'